வெட்டிய பிறகும் அசையும் மரம்

பழனி மலையின் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காலையில் அறுத்துத் தள்ளிய ஒரு சீகை (வாட்டில்) தடியின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஈரத்தில் பளபளக்கும், தொட்டால் விரல் நனையும். மேகம் விலகி மலைவெயில் நேரே விழ ஆரம்பித்தால், நண்பகலுக்குள் நடுப்புள்ளியைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள் தென்படும். அடுத்தடுத்த நாட்களில் அவை பட்டையை நோக்கி நீளும். கவனிக்காமல் விட்டால் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழும். விறகுக்குக் கொண்டுபோகிறவருக்கு இதில் நஷ்டமில்லை, சீக்கிரம் காயும். அதே தடியில் ஒரு கிண்ணமோ மத்தோ பம்பரமோ கடைய நினைத்தவருக்கு, லேத்தை ஓட்டும் முன்பே சரக்கு போய்விட்டது.

கடைசல் என்றதும் சுழலும் மரமும் உளியும் சுருள் சுருளாகப் பறக்கும் சீவலும்தான் நினைவுக்கு வரும். எனக்கு அதற்கு முந்தைய வேலைதான் பெரிய வியப்பு. விழுந்த மரத்தை எந்த இடத்தில் துண்டிப்பது, எந்தக் கோட்டில் நெடுக்காகப் பிளப்பது, எதை விறகுக்கு ஒதுக்குவது என்று ரம்பத்தோடு நிற்பவர் எடுக்கும் முடிவுகள் அவை. இன்று வெட்டும் கட்டை ஆறு மாதம் கழித்து எப்படி நெளியும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளவும் முடியும். மரம் கண்டபடி நெளிவதில்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

கணக்கு தண்ணீரில் தொடங்குகிறது. 30 சென்டிமீட்டர் குறுக்களவும் 10 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு பச்சைக் கட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு நடுத்தரக் கிண்ணத்துக்கு இது போதும். சீகை போன்ற கனத்த மரமானால் சுமார் 7 கிலோ எடை இருக்கும். அதில் கிட்டத்தட்ட 3 கிலோ வெறும் தண்ணீர். இந்தத் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. மரத்தின் செல்கள் நீளமான நுண்குழாய்கள். அவற்றின் உட்கூட்டில் தேங்கியிருப்பது ஒன்று, குழாய்ச் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது மற்றொன்று. காயும்போது முதலில் வெளியேறுவது கூட்டுக்குள் இருக்கும் தண்ணீர். அது போனால் எடை குறையும், அளவு மாறாது. உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 25 முதல் 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கும்போது கூடு காலியாகி, சுவர் மட்டும் ஈரமாக நிற்கும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சுவர் மெலியும், மரம் சுருங்கும். பச்சை மரத்தை வாங்கிவந்து சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு “இது வெடிக்காத ஜாதி” என்று சொல்லிவிடக் கூடாது என்பது இதனால்தான். சுருக்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லாமல் இருக்கலாம்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்கினால் சிக்கலே இல்லை; சின்னதாகும், அவ்வளவுதான். அது அப்படிச் சுருங்குவதில்லை. நெடுக்காக, அதாவது வேரிலிருந்து நுனிக்குப் போகும் திசையில், சுருக்கம் 0.1 முதல் 0.3 சதவீதம் வரைதான். நடுவிலிருந்து பட்டைக்குப் போகும் ஆரத் திசையில் 3 முதல் 5 சதவீதம். வளையங்களைத் தொட்டுச் சுற்றிப்போகும் திசையிலோ 6 முதல் 10 சதவீதம். செல் சுவரில் இருக்கும் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நெடுக்காகவே ஓடுகின்றன. தண்ணீர் இழைகளுக்கு இடையில் உட்கார்ந்திருக்கிறது. அது வெளியேறும்போது இழைகள் ஒன்றையொன்று நெருங்குமே தவிர, இழையின் நீளம் குறையாது. ஆரத் திசையில் சுருக்கம் பாதியாக நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம், நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்ச் செல்கள். அவை குறுக்கே கட்டிய கம்பிகளாக அந்தத் திசையைப் பிடித்துக்கொள்கின்றன.

இப்போது ஒரு முழு வட்டத் துண்டை மனதில் வையுங்கள். சுற்றளவு 8 சதவீதம் குறையப் பார்க்கிறது, ஆரம் 4 சதவீதம்தான் குறைகிறது. குறைந்த ஆரத்துக்குத் தேவையான சுற்றளவு கையில் இல்லை, பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையைக் கோணமாகக் கணக்கிட்டால் சுமார் 15 பாகை வருகிறது. கடிகார முகத்தில் இரண்டரை நிமிடத்தை வெட்டியெடுத்த அளவு. வட்டம் மூட முடியாமல் எங்காவது பிளந்தே தீரும். ஒரே பெரிய பிளவாகவும் பிளக்கலாம், நூறு சிறு கீறல்களாகவும் பிளக்கலாம். மொத்தம் அதே 15 பாகைதான். எவ்வளவு மெதுவாக உலர்த்தினாலும் இந்த வடிவக் கணக்கிலிருந்து முழு வட்டம் தப்புவது அரிது.

தடியை நட்டநடுவே, மையம் வழியாக, நெடுக்காகப் பிளந்துவிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. இரண்டு பாதிகளும் தங்கள் பற்றாக்குறையைத் தீர்த்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. தட்டையாக அறுத்த முகம் உலர்ந்த பிறகு நடுவில் லேசாக மேடிட்டு, இரு ஓரமும் பின்வாங்கியிருக்கும். பட்டையை மேலே வைத்துத் தரையில் கவிழ்த்தால் ஆடும். 180 பாகையாக இருந்தது 172 பாகை போல ஆகியிருக்கும், ஆனால் உடைந்திருக்காது. கிண்ணக் கட்டைக்குத் தடியை எப்போதும் மையத்தின் வழியே பிளப்பதற்குக் காரணம் இதுதான். பிளந்த பிறகு மையத்தை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர் பலகையையும் அறுத்துக் கழித்துவிடுவார்கள். செடியாக இருந்த பருவத்து மரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் இழைகள் அவ்வளவு நேராக ஓடுவதில்லை, அதனால் சுருக்கமும் ஒழுங்காக இருப்பதில்லை.

குறுக்கே துண்டிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் குழாய் வழியே ஓடுவதால் வெட்டுமுகம், பக்கவாட்டை விடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகக் காய்கிறது. முனை சுருங்கத் துடிக்கும்போது உள்ளே இருக்கும் ஈரமரம் அசையாமல் நிற்கும். இழுபறியில் முனை கிழியும். அதனால் 30 சென்டிமீட்டர் கிண்ணம் வேண்டுமென்றால் 30 சென்டிமீட்டர் தடி போதாது. இரண்டு பக்கமும் சில அங்குலம் கூட்டித் துண்டிக்க வேண்டும்; முனையில் வெடித்ததை வெட்டி எறிய அது உதவும். துண்டித்த உடனேயே முனையில் உருகிய மெழுகையோ கெட்டிப் பெயின்டையோ பூசிவிட வேண்டும். சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்பும் வழக்கமும் நம் ஊரில் உண்டு, நோக்கம் ஒன்றுதான். முடிந்தால் மரத்தை நீளத் தடியாகவே வைத்திருந்து, தேவைக்கு அவ்வப்போது துண்டிப்பது இன்னும் நல்லது. எத்தனை துண்டோ அத்தனை மடங்கு முனை.

கிண்ணக்காரர்கள் இந்த நெளிவை எதிர்த்துப் போராடுவதில்லை. அதற்கு இடம் விட்டு வேலை செய்கிறார்கள். பச்சையாகவே கட்டையை லேத்தில் ஏற்றி, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சுவரை விட்டு முரட்டுக் கிண்ணமாகக் குடைந்துவிடுவார்கள். 30 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் சுவர். பச்சை மரம் உளிக்கு மிருதுவாக வரும், தூசியும் பறக்காது. குடைந்த கிண்ணத்தைக் காகிதப் பையிலோ அதன் சீவலுக்குள்ளேயோ புதைத்து நிழலில் வைத்து வாரம் ஒருமுறை எடை போடுவார்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குள் வட்டம் முட்டை வடிவாகியிருக்கும்: நார் ஓடும் திசையில் அதே 30, அதற்குக் குறுக்கே 28. பிறகு மீண்டும் ஏற்றி வட்டமாக்கிக் கடைவார்கள். அந்த 3 சென்டிமீட்டர் கனம் இந்த இரண்டாம் வட்டத்துக்கான முதலீடு.

மத்து, பம்பரம், பூரிக்கட்டை, கட்டில் கால் போன்ற நீளச் சாமான்களுக்கு வழி வேறு. நார் சாமானின் நீளத்தோடு ஓட வேண்டும். தடியை நான்காகப் பிளந்து, மையமில்லாத கால்வட்டங்களிலிருந்து சதுரக் கட்டை எடுப்பார்கள். இதில் ரம்பத்தைவிட ஆப்பு மேல் என்பது என் கட்சி. ரம்பம் நாம் போட்ட கோட்டில் போகும், நாரை வெட்டிக்கொண்டே போகும். ஆப்பு நார் போன வழியில் போகும். அப்படிப் பிளந்த கட்டையில் நார்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முறியாமல் ஓடுவதால், மெலிதாகக் கடைந்தாலும் மத்தின் தண்டு ஒடியாது.

ஒரு விலக்கும் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், அகத்தே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் புறத்தே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் இரண்டாவது கூட்டம். தாவரவியலும் அவற்றைத் தனியாகவே வைக்கிறது: ஆண்டு வளையம் கிடையாது, கதிர்ச் செல் கிடையாது. ஆகவே ஆரத் திசைக்கும் சுற்றுத் திசைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 15 பாகைக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. தென்னையில் கடைய நல்ல கட்டை பட்டையோரத்தில் கிடைக்கும், நடுவில் சோறுதான்.

பழனி மலைக்கு வருவோம். மேல்மலையில் வெட்டக் கிடைக்கும் மரங்கள் பெரும்பாலும் வந்தேறிகள். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியதற்குப் பிறகு விறகுக்காக யூகலிப்டஸும் சீகையும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடும் டானினுக்கும் கூழுக்கும் என்று, வெறும் தரிசாகக் கருதப்பட்ட புல்வெளிகளில் சீகை, யூகலிப்டஸ், பைன் ஆகியவற்றைப் பெரிய அளவில் நட்டார்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல்போனதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் காட்டியது. மழையைப் பிடித்துவைத்து வைகைக்கும் அமராவதிக்கும் ஓடைகளை அனுப்பும் புல்வெளி அது.

இந்த வந்தேறிகள் ஒவ்வொன்றும் ரம்பத்தின் கீழ் ஒவ்வொரு விதம். யூகலிப்டஸ் உயிரோடு நிற்கும்போதே அடிமரத்தின் வெளிப்புறம் இழுவிசையிலும் உட்புறம் அழுத்தத்திலும் இருக்கும். வெட்டியதும் அந்த இறுக்கம் விடுபட்டு, காயக்கூட நேரமில்லாமல் முனை பிளந்துகொள்ளும். நாரும் பல மரங்களில் முறுக்கிக்கொண்டு ஓடும். கடைசலுக்கு இது பிடிவாதமான சரக்கு. பைன் மெத்தென்று வரும். ஆனால் வெட்டிய சில வாரங்களில் பூஞ்சை ஏறி, வைரத்துக்கு வெளியே உள்ள வெளிறு நீலம் பாரிக்கும். மரத்தின் பலத்தை அது பெரிதாகத் தின்பதில்லை, நிறத்தைத்தான் மாற்றுகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக் கொடிக்காகவும் நிற்கும் சில்வர் ஓக்கின் கதிர்ச் செல்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. ஆரத்தை ஒட்டி அறுத்தால் பலகை முழுக்க வெள்ளித் தகடுகள் பதித்தாற்போல மினுங்கும், சற்றே திருப்பி அறுத்தால் அத்தனையும் மறைந்துவிடும். ஒரே தடியை இரண்டு கோணத்தில் அறுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மரம் என்று நம்ப மாட்டீர்கள்.

சீகையில் கொடைக்கானலில் மூன்று இனங்கள். பட்டைக்காகக் கொண்டுவந்த கறுப்பு வாட்டிலில் டானின் அதிகம். பச்சையாக அறுக்கும்போது இரும்பு பட்ட இடமெல்லாம் நீலக் கறுப்பாகும். ஈரக் கட்டையை லேத்தின் இரும்புப் படுகையில் வைத்துவிட்டு மறந்தால், மறுநாள் அடியில் மை கொட்டினாற்போல ஒரு கறை. கொட்டினாற்போல என்ன, உண்மையிலேயே அது மைதான். கடுக்காயின் டானினோடு அன்னபேதியின் இரும்பைச் சேர்த்து முன்பு எழுதும் மை காய்ச்சினார்களே, அதே வேதிவினை. இன்னொரு இனமான பிளாக்வுட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தாயகமான ஆஸ்திரேலியாவில் அது மேசை நாற்காலிக்கும் கிட்டாருக்கும் தேடி வாங்கும் மரம். தேன் நிறத்திலிருந்து ஆழ்ந்த பழுப்புவரை ஓடும் வைரம், அதைச் சுற்றி வைக்கோல் நிற வெளிறு. இரண்டும் சேர்ந்து நிற்கும்படி கட்டை எடுத்தால் கிண்ணத்தின் விளிம்புக்குத் தனியாக அலங்காரம் வேண்டாம்.

மலை என்பதால் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. சரிவில் முளைத்த மரம் சாய்ந்து, பிறகு நிமிர முயன்றபடியே வளரும். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் சாய்வின் அடிப்பக்கம் தனி வகை மரத்தைச் சேர்த்து, கீழிருந்து முட்டுக்கொடுக்கும். சீகை போன்ற அகன்ற இலை மரங்கள் மேல்பக்கம் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். வெட்டுமுகத்தைப் பார்த்தாலே தெரியும்: மையம் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கி, வளையங்கள் மறுபக்கம் அகலமாக விரிந்திருக்கும். இந்த மரம் நெடுக்காகவும் சுருங்கும், வழக்கத்தைவிடப் பல மடங்கு. அதில் எடுத்த நீளக் கட்டை காயக் காய வில்லாக வளையும். கிளைகளிலும் இதே கதை, கிளை என்றாலே சாய்வுதானே. ஒதுங்கிய மையம் கண்ணில் பட்டால், அந்தத் தடி எவ்வளவு பருமனாக இருந்தாலும் விறகுக்கு விடுவதே நல்லது.

மலைமேல் காய்ந்த கட்டை முழுக்கக் காய்ந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத்தான் நிலைகொள்ளும். மேகம் வீட்டுக்குள் புகும் மாதங்களில் கொடைக்கானலில் நிழலில் கிடக்கும் கட்டை 16 முதல் 20 சதவீத ஈரத்தில் நின்றுவிடும், எடையும் மாறாது. அதே கட்டை கோடையில் திண்டுக்கல்லுக்கு இறங்கினால் 10 சதவீதத்துக்குப் பக்கமாக வந்து நிற்கும். இடைப்பட்ட வித்தியாசத்தில் 20 சென்டிமீட்டர் அகலம் நான்கைந்து மில்லிமீட்டர் குறையும். கிண்ணத்துக்கு அது பெரிதல்ல. மூடி போட்ட டப்பாவுக்கு அது உயிர்ப்பிரச்சினை: மேலே கச்சிதமாகப் பொருந்திய மூடி கீழே வந்ததும் இறுகும், அல்லது கழன்று விழும். முரட்டுக் கட்டையாகவே கீழே இறக்கி, சில வாரம் அந்த ஊர்க் காற்றில் வைத்த பிறகு மூடியைக் கடைவதுதான் சரி.

சிறு சாமான் கடைபவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பாதிகூட இல்லை. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானுக்கு மஞ்சள் கடம்பும், கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு வெட்பாலையும் பேர்போன மரங்கள். வெட்பாலையை மெல்லிய கிளைத் தடியாக வெட்டி, இரண்டு மூன்று மாதம் காயவைத்து, மையத்தோடு சேர்த்தே கடைகிறார்கள். சன்னமான, சீரான இழை, கையளவு குறுக்களவு. இவ்வளவு சிறிய வட்டத்தில் உண்டாகும் இழுபறியை மரமே தாங்கிக்கொள்கிறது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் பூசிக்கொள்கிறது. தாழை ஓலையால் தேய்த்து மெருகு ஏற்றுகிறார்கள். அரக்கின் பூச்சு ஈரம் வந்துபோவதையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது.

சரி, பழனி மலையில் எந்த மரத்தை வெட்டலாம்? தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. பட்டா நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வேண்டும். 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்நிய மரங்களை அகற்றுவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவுகள் பிறப்பித்திருக்கிறது. 2022இல் அரசு இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. ஆனால் அகற்றுவது என்பது மொத்தமாகச் சாய்ப்பது அல்ல. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு சரிவை மொட்டையடித்தால் வெயில் பட்டதும் அத்தனையும் ஒன்றாக முளைத்து, முன்பைவிட அடர்ந்த காடாகும். வட்டக்கானலில் மலையின் சொந்தச் சோலைக் காட்டு மரக்கன்றுகளை வளர்த்த பாப் ஸ்டூவர்ட்டும் டான்யா பால்காரும் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்ன ஒன்று உண்டு: முதிர்ந்த தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுகின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, மிச்சமுள்ள புல்வெளிக்குள் புதிதாக ஏறும் இளஞ்சீகையை முதலில் பிடுங்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். அப்படியானால் கைக்கு வரப்போவது பெரும்பாலும் மணிக்கட்டு, தொடைப் பருமன் தடிகள். பம்பரத்துக்கும் செப்புக்கும் மத்துக்கும் ஏற்றவை. பெரிய கிண்ணக் கட்டைகளுக்குக் காற்றில் விழுந்தவை இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது எத்தனை மரம் சாய்ந்தது என்பது கொடைக்கானல்காரர்களுக்கு மறந்திருக்காது.

தென்னாப்பிரிக்காவும் இதே சீகையோடு மல்லுக்கட்டும் நாடுதான். நீர்வளத்தைக் காக்க 1995இல் அங்கே தொடங்கிய அரசுத் திட்டம், வெட்டிய அந்நிய மரங்களைப் பள்ளி மேசைகளாகவும் சவப்பெட்டிகளாகவும் மாற்றியது. இங்கே வெட்டிய தடி டன் கணக்கில் எடைபோடப்பட்டு விறகாகவும் கூழாகவும் போய்விடுகிறது. அதை மாற்றப் பெரிய தொழிற்சாலை எதுவும் தேவையில்லை. வெட்டுகிற இடத்திலேயே பிளாக்வுட்டைத் தனியாக அடுக்கி, மையம் ஒதுங்காத தடிகளைப் பொறுக்கி, அன்றைக்கே நடுவில் பிளந்து, முனைக்கு மெழுகு பூசி நிழலில் வைக்க ஓரிருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். இதில் நாள் கடத்த முடியாது. லாரி மறு வாரம் வரும் என்று வெயிலில் போட்டுவைத்தால், இறங்கும்போது அது விறகுதான்.